கோபுரம் தெரியும் தொலைவு

எங்கள் நாசரேத்துக்கு மலை கிடையாது. விவிலியத்து நாசரேத்து குன்றின்மேல் அமைந்த ஊர். சொந்த ஊராரே இயேசுவை அக்குன்றின் விளிம்புவரை தள்ளிச் சென்ற நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியில் நாம் எல்லாரும் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். மறைப்பணியாளர்கள் அதே பெயரைச் சூட்டிய எங்கள் ஊரோ, செம்மணல் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் நடுவே தட்டையாகக் கிடப்பது. மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம், எந்த மலை, எந்த விளிம்பு என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பிறகு மாலையில் தேரிமேட்டில் ஏறி நின்று பார்ப்போம். பனைகளின் தலைகள் தெரியும். அவற்றுக்கு மேலே தூய யோவான் ஆலயத்தின் கோபுரம் தெரியும். அதற்கப்பால் ஒன்றும் தெரியாது.

தொலைவைப் பார்க்க வேண்டுமானால் மணப்பாட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் அன்னையாரின் தீர்மானமான கருத்து. அவர் பிறந்த ஊர் அது. மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மேட்டின் அடிவாரத்தில், மீன்பிடி தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராயிருந்த எங்கள் தந்தையாரை மணந்து நாசரேத்துக்கு வந்தவர். கனோன் மர்காஷிஸ் ஐயர் 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த பள்ளிகளாலும் தொழிற்பள்ளியாலும் பெயர்பெற்ற ஊரில் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் கடல் இல்லாத குறையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. "இங்கே எங்கே பார்த்தாலும் பக்கத்திலேயே முடிஞ்சு போகுது ஐயா" என்பார்.

அண்ணனும் தம்பியுமான நாங்கள் இருவரும் இளமையில் ஒளிப்படக் கலையில் பித்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் பொதுவாக ஒரு கருவி. இருவரும் பணம் சேர்த்து வாங்கியது. யார் எடுத்த படம் எது என்று எங்களுக்குள் கணக்கு இருந்ததில்லை. எனவே இந்தக் கட்டுரையையும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். இதில் சொல்லப்படும் தவறிலும் இருவருக்கும் சம பங்கு உண்டு.

1993-ஆம் ஆண்டு சனவரி மாதம். அன்னையாருக்கு இதயம் பலவீனப்பட்டிருந்தது. மேடேறக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவுக்குத் தவறாமல் சென்றுகொண்டிருந்தவர், முந்தைய இரண்டு ஆண்டுகளும் போகவில்லை. ஒருநாள் எங்களை அழைத்து, "ஏய்யா, நம்ம மலையிலே ஏறி நின்னு ஊரை ஒரு படம் புடிச்சிட்டு வாங்களேன். கோபுரம் வரைக்கும் தெரியுமே, அப்படி" என்றார்.

கோபுரம் என்று அவர் சொன்னது திருச்செந்தூர் முருகன் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை. மணப்பாட்டு மேட்டிலிருந்து வடகிழக்கே, வளைந்து செல்லும் கரையின் கடைசியில், வானம் தெளிந்த நாளில் அது தெரியும். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இருக்கும். அன்னையார் சொன்ன வாக்கியத்தில் 'ஊர்' என்ற சொல்லும் இருந்தது, 'கோபுரம்' என்ற சொல்லும் இருந்தது. எங்கள் காதில் நின்றது இரண்டாவது சொல் மட்டுமே. காரணம் எளிது. அத்தனை தொலைவில் உள்ளதைப் படமெடுப்பது கடினம். கடினமானதைச் செய்து காட்டும் ஆசை எங்களுக்கு இருந்தது.

நாசரேத்தில் படக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் மீது அன்புள்ளவர். விவரத்தைக் கேட்டதும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 140 அடி, அதாவது 42 மீட்டர். 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, எங்களிடம் இருந்த 50 மில்லிமீட்டர் வில்லையால் எடுத்தால், படச்சுருளில் கோபுரத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். "ஊசிமுனைக் குத்து மாதிரி விழும். அம்மாவுக்குக் காட்டினால் தூசி என்று துடைப்பார்கள்" என்று சிரித்தார். பிறகு தம்மிடமிருந்த 200 மில்லிமீட்டர் தொலைவில்லையையும், அதற்கு மாட்டும் செம்மஞ்சள் வடிகட்டிக் கண்ணாடியையும், ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளையும் கொடுத்தார். அந்த வில்லையில் கோபுரம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விழும். பெரிதாக்கினால் பார்க்கும்படி இருக்கும்.

வடிகட்டிக் கண்ணாடி எதற்கு என்பதையும் அவரே விளக்கினார். தொலைவிலுள்ள பொருள்கள் நீலம் பாய்ந்து மங்கித் தெரிவதற்கு, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். சிதறுவதில் நீல ஒளியே மிகுதி. கடற்கரையில் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்தத் திரையை இன்னும் தடிப்பாக்கும். செம்மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் மங்கல் சற்றே விலகும். மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாளே ஏற்ற நாள் என்றார். நாங்கள் மழைக்காகக் காத்திருந்தோம். வடகிழக்குப் பருவமழையின் கடைசி மேகங்கள் ஓர் இரவு பெய்து ஓய்ந்தன. மறுநாள் விடியலில் புறப்பட்டோம்.

மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடி உயர்ந்து நிற்கும் தூய பவுல் ஆலயத்தின் கூர்முனைக் கோபுரத்தைக் கடந்து, உடன்குடி வழியாகக் குலசேகரன்பட்டினம் வந்து, கடலோரமாக மணப்பாட்டை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. சித்தி வீட்டில் காப்பி குடித்துவிட்டு மேட்டில் ஏறினோம்.

ஊரார் மலை என்று சொன்னாலும், மணப்பாட்டு முனை என்பது கடலுக்குள் நீண்டு நிற்கும் மணலும் மணற்கல்லும் சேர்ந்த மேடுதான். ஆயினும் தட்டையான இந்தக் கரையில் அதுவே மலை. 1542-ஆம் ஆண்டு கோவாவிலிருந்து வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை அதன் கடற்புறத்தில் உள்ளது. அதற்கு முன்பே, 1540-இல், புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அம்மேட்டில் நாட்டினார் என்பது ஊர் மரபு. இப்போதுள்ள திருச்சிலுவை ஆலயத்தின் தொடக்கம் 1581. அருகிலேயே கலங்கரை விளக்கமும் உண்டு. முனைக்கு அப்பால் நீரடியில் பாறைகள் இருப்பதால், கடலில் வருவோருக்கு இம்மேடு எச்சரிக்கையாகவும் இருந்திருக்கிறது, அடையாளமாகவும் இருந்திருக்கிறது. இடப்பக்கம் கீழே கருமேனியாற்றின் கழிமுகமும், அதன் கரையில் வீடுகளும், அவற்றுக்கு நடுவே புனித யாகப்பர் ஆலயமும், பரிசுத்த ஆவி ஆலயமும் தெரிந்தன. நாங்கள் அவற்றைப் பார்த்தோம் என்று சொல்வதைவிட, அவை எங்கள் கண்ணில் பட்டன என்று சொல்வதே உண்மை. எங்கள் நோக்கம் வடகிழக்கே இருந்தது.

காலையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கடலிலிருந்து எழுந்த ஈரம் வெண்மையாகப் படர்ந்திருந்தது. நண்பகலில் கோபுரம் தெரிந்தது. ஆனால் சூடேறிய மணலின் மீது காற்று நெளிய, அதுவும் நீரில் விழுந்த நிழல் போல நெளிந்தது. மாலை நான்கு மணி அளவில் வெயில் மேற்கே சாய்ந்து கோபுரத்தின் மேற்கு முகத்தில் விழுந்தது. காற்றும் அடங்கியது. முக்காலி இல்லாத குறைக்கு, துணிப்பையில் கடல்மணலை நிரப்பி மதில்மேல் வைத்து, அதன்மேல் கருவியைப் பதித்தோம். ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்த, மற்றவர் காற்று வீசும் பக்கம் துண்டை விரித்து மறைத்து நின்றோம். முப்பத்தாறு படங்களும் தீரும்வரை ஒரே திசையைத்தான் எடுத்தோம்.

படக்கடைப் பெரியவர் சுருளைக் கழுவி, முப்பத்தாறில் ஒன்றைத் தேர்ந்து, 12-க்கு 8 அங்குல அளவில் பெரிதாக்கி, அகன்ற ஓரம் விட்டு வெள்ளை அட்டையில் ஒட்டித் தந்தார். மிக நேர்த்தியான படம். கீழே கடலின் மெல்லிய சாம்பல் பட்டை. நடுவே பனைகளின் நிரை. அதன் முடிவில் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குள் கோபுரம், நிலைகள் எண்ணத்தக்க அளவுக்கு இல்லையெனினும், ஐயத்துக்கு இடமின்றிக் கோபுரம். மேலே பரந்த வானம். பெரியவரே எங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்னையார் கட்டிலில் சாய்ந்தபடி படத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கோபுரம் நல்லா விழுந்திருக்கு" என்றார். நாங்கள் பெருமையோடு நின்றோம். மீண்டும் பார்த்தார். பிறகு, குறைசொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர் போலக் கேட்டார்: "இது எங்கே நின்னு பார்த்தது ஐயா?"

"மலையில்தான் அம்மா, சிலுவைக் கோயில் மதிலில்" என்றோம்.

"அப்படியா? எனக்குத் தெரியலியே" என்றார்.

அவர் கேட்டதன் பொருள் அப்போது எங்களுக்கு முழுமையாக விளங்கவில்லை. அன்று மாலை, படத்தை மடியில் வைத்துக்கொண்டே, தம் தந்தையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எங்கள் பாட்டனார் வள்ளத்தில் மீன்பிடித்தவர். திசைகாட்டும் கருவி எதுவும் அவரிடம் இருந்ததில்லை. கடலுக்கடியில் மீன் சேரும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். அதில் ஒரு பாரை மறுபடி எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைப் பார்த்துத்தான். கரையில் அருகே உள்ள பொருள் ஒன்று, அதற்குப் பின்னால் தொலைவில் உள்ள பொருள் ஒன்று. இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்து நிற்கும்படி வள்ளத்தைச் செலுத்த வேண்டும். பிறகு வேறொரு பக்கம் பார்த்து, இதே போல அருகும் தொலைவுமாக இன்னொரு சோடி. இரண்டு கோடுகளும் வந்து சேரும் இடத்தில் கீழே பார் இருக்கும். தென்கடற்கரை மீனவர் இதைக் கணியம் என்பர்.

"தூரத்தில இருக்கிறது ஒண்ணை மட்டும் பார்த்தா எங்க நிக்கிறோம்னே தெரியாது ஐயா. பக்கத்துல ஒண்ணு வேணும். அப்பா அதைத்தான் சொல்லுவாங்க" என்றார் அன்னையார்.

இதை எழுதும்போது கணக்கிட்டுப் பார்த்தோம். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்குமானால், பூமியின் வளைவு காரணமாக அவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 42 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சி, காற்று தெளிவாக இருந்தால், 28 கிலோமீட்டர் தொலைவுவரை அவர் கண்ணுக்கு எட்டும். ஐந்து மீட்டர் உயரமுள்ள வீட்டின் கூரையோ 13 கிலோமீட்டரிலேயே நீருக்குள் இறங்கிவிடும். ஆக, கடலுக்குப் போகிறவனுக்கு முதலில் மறைவது அவன் வீடு. கடைசிவரை நிற்பது கோபுரம். திரும்பும்போது அதுவே தலைகீழாக நடக்கிறது: முதலில் கோபுரம், பிறகு மேட்டின்மேல் சிலுவைக் கோயில், அதற்கும் பிறகு வீடு. சிறுமியாயிருந்த எங்கள் அன்னையார் மாடியில் நின்று கையசைப்பாராம். தந்தை தம்மைக் கண்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக அவரும் துடுப்பைத் தூக்கிக் காட்டுவாராம். எங்கள் படத்தில் கோபுரம் இருந்தது. அந்த மாடி இல்லை. 200 மில்லிமீட்டர் வில்லையின் குறுகிய பார்வைக்குள் அது விழவே இல்லை. விழவேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

"மறுபடி போய் எடுத்துட்டு வாறோம் அம்மா" என்றோம். "அவசரமில்லை ஐயா, மழை வரட்டும்" என்றார்.

அடுத்த மழை வந்தது. எங்களுள் ஒருவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. அதற்கடுத்த மழையின்போது மற்றவர் பிழைப்புக்காக மும்பையில் இருந்தோம். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் வானம் மங்கியிருந்தது, அல்லது மங்கியிருந்ததாக நாங்கள் சொல்லிக்கொண்டோம். 1996-இல் அன்னையார் இறந்தார். அவருடைய பெட்டியில் செபமாலைக்கும் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கும் அடியில் அந்தப் படம் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தோம். படத்தின் மீது ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையின் இடப்பக்கக் கீழ் ஓரத்தில், பென்சிலால், நடுங்கிய கையால், சிறிய கட்டம் ஒன்று வரையப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் கூம்பாக ஒன்று. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. சித்திதான் பார்த்ததும் சொன்னார்: "இது எங்க வீடு. இது யாகப்பர் கோயில்."

நாங்கள் விட்டுவிட்ட அருகுக் குறியை அவரே போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் திருவிழாக்களுக்கு மணப்பாடு போயிருக்கிறோம், மேடேறி வணங்கியிருக்கிறோம். ஆனால் கருவியைக் கொண்டுபோக மனம் துணியவில்லை. யாருக்குக் காட்டுவதற்காக எடுப்பது? செய்யத் தவறிய ஒன்றை, கேட்டவர் போனபின் செய்து முடிப்பதில் ஒருவகை வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கத்திலேயே இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

2025 சனவரியில் சித்தியைப் பார்க்கப் போனோம். எண்பதை எட்டிய அவர், தாமாகவே, "உங்க அம்மா கேட்ட படத்தை எடுத்தீங்களாய்யா?" என்றார். இத்தனை ஆண்டுகளாக அவர் அதை நினைவில் வைத்திருந்தது எங்களைத் தாக்கியது. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. சாக்குச் சொல்ல வானமும் இடங்கொடுக்கவில்லை. மாலையில் மேடேறினோம்.

மேட்டில் கூட்டம் இருந்தது. 2013-இல் வெளிவந்த 'கடல்' திரைப்படம் இங்குப் படமாக்கப்பட்ட பின்பு, மணப்பாட்டைத் தேடி வருவோர் பெருகிவிட்டனர். எல்லார் கையிலும் கைப்பேசி. எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டித் தங்கள் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தனர். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, அவர்களாவது அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு தொலைவை எடுக்கிறார்கள், நாங்கள் அதுவும் செய்யவில்லையே என்று தோன்றியது.

வடக்கே பார்த்தோம். பழைய படத்தில் இருந்த கரை அன்று. குலசேகரன்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில், கல்லாமொழிக் கரையில், 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்துகொண்டிருக்கிறது. அதன் புகைபோக்கி கோபுரத்தைவிடப் பன்மடங்கு உயரம். நிலக்கரிக் கப்பல்களுக்கான இறங்குதளப் பாலம் கடலுக்குள் நெடுந்தூரம் நீண்டிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த அடிவானத்தில் நாளை இன்னும் எவையெவை எழுமோ, இறைவனுக்கே வெளிச்சம். கோபுரமும் இருந்தது. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாறிப்போயிற்றே என்று புலம்ப நாங்கள் அதை எழுதவில்லை. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோன இந்தக் கரை பல மாற்றங்களைக் கண்டிருக்கிறது. இன்று கடலுக்குப் போகும் இளைஞரிடம் துணைக்கோளோடு பேசும் கருவி இருக்கிறது. பார் இருக்கும் இடத்தை எண்ணாகவே அதில் பதிந்துவைத்துவிடுகிறார். மேட்டில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த மீனவ இளைஞர் ஒருவரிடம் கணியத்தைப் பற்றிக் கேட்டோம். "பாட்டரி தீர்ந்துபோனா அதுதானே" என்று சொல்லிவிட்டு, இப்போது புகைபோக்கியையும் ஒரு குறியாக வைத்திருப்பதாகச் சொன்னார். தொலைக் குறி மாறலாம். கோபுரத்தின் இடத்தைப் புகைபோக்கி எடுத்துக்கொள்ளலாம். "பக்கத்துல உள்ளது?" என்று கேட்டோம். "அது இதுதான்" என்று ஆலயச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

இம்முறை தொலைவில்லை கொண்டுபோகவில்லை. சாதாரண அகன்ற பார்வையிலேயே எடுத்தோம். மதிலின் ஓரம், கீழே கழிமுகம், அதில் கட்டிய படகுகள், வீடுகள், புனித யாகப்பர் ஆலயம், அதற்கு அப்பால் வளைந்து செல்லும் கரை, புகைபோக்கி, வலப்பக்கக் கோடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோபுரம். படக்கடைப் பெரியவர் இருந்திருந்தால், ஊசிமுனைக் குத்து என்று சிரித்திருப்பார். உலகில் எடுக்கப்பட்டு இன்றுவரை அழியாமல் இருக்கும் மிகப் பழைய ஒளிப்படம், பிரான்சு நாட்டு நீப்ஸ் என்பார் 1826-27-ஐ ஒட்டித் தம் வீட்டு மாடிச் சாளரத்திலிருந்து எடுத்தது என்பர். அதில் இருப்பவை பக்கத்துக் கூரைகளும் சுவர்களும்தான். அதை நாங்கள் இளமையிலேயே படித்திருந்தோம். அதனைப் புதுக் கலையின் எளிய தொடக்கம் என்றே அன்று எண்ணினோம்.

தூத்துக்குடியில் அச்சிட்டு, ஒரு வாரம் கழித்துச் சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். கோபுரத்தைத் தேடவில்லை. புகைபோக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலை வீடுகளின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே இப்போது வேறு யாரோ கட்டிய புது வீடு நிற்கிறது. "இங்கதான் நிப்பா. அப்பா துடுப்பைத் தூக்குற வரைக்கும் கையை இறக்கமாட்டா" என்றார்.

வீடு திரும்பியதும் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பழைய படத்தில் கோபுரம் இருக்கும் இடத்தைப் புதிய படத்தின் கோபுரத்தோடு பொருத்தி, அன்னையார் பென்சிலால் வரைந்த கட்டம் எங்கே விழுகிறது என்று தேடினோம். தூரம் சரியாக இல்லை. அட்டையில் அதற்கு இடமில்லை. ஆனால் பக்கம் சரி. தாழ்வும் சரி. கட்டத்துக்கும் கூம்புக்கும் உள்ள முறையும், வீட்டுக்கும் யாகப்பர் கோயிலுக்கும் உள்ள முறையும் ஒன்றாகவே இருந்தன. மேடேற முடியாமல் நாசரேத்தில் ஒரு கட்டிலில் படுத்திருந்தவர் வரைந்தது அது.

நாம் எல்லாரும் பிள்ளைகளுக்குத் தொலைவைக் காட்டி வளர்க்கிறோம். அது தவறன்று, உயர்ந்து நிற்பதைப் பார்த்துத்தான் கரை இருக்கும் திசை தெரிகிறது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்கு அருகிலும் ஒன்று வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அது மூன்றாண்டுக் காலம் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தது.

இரண்டு படங்களும் இப்போது எங்கள் நாசரேத்து வீட்டின் கூடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் புதிய படத்தைப் பார்த்து, "மணப்பாடா?" என்று உடனே கேட்டுவிடுகிறார்கள். பழைய படத்தைப் பார்ப்பவர்கள், "இது எங்கே நின்று எடுத்தது?" என்று கேட்கிறார்கள். அப்போது நாங்கள் அட்டையின் ஓரத்தில் உள்ள பென்சில் குறியைக் காட்டுகிறோம்.